கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது: புற்றுநோய் ஆய்வுகளுக்கு ஏன் ஆள் சேர்வதில்லை?

1999-ல் பிரிட்டனில் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் பற்றி ஒரு பெரிய ஆய்வுக்கான வேலைகள் தொடங்கின. பெயர் 'புரொடெக்ட்'. ஃப்ரெடி ஹம்டி, டேவிட் நீல் என்ற இரண்டு அறுவை மருத்துவர்களும், ஜென்னி டோனவன் என்ற சமூக அறிவியலாளரும் முன்னின்று நடத்தினார்கள். அவர்களுடைய கேள்வி எளிமையானது. சுரப்பியைத் தாண்டிப் பரவாத புராஸ்டேட் புற்றுநோயை என்ன செய்வது? அறுவை செய்து எடுத்துவிடுவதா, கதிர்வீச்சு கொடுப்பதா, உடனடியாக எதுவும் செய்யாமல் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்து, நோய் தலைதூக்கினால் மட்டும் சிகிச்சையில் இறங்குவதா? அறுவை செய்தால் சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம், தாம்பத்தியம் பாதிக்கப்படலாம். சும்மா விட்டால் நோய் பரவலாம். எது மேல் என்று அன்றைக்கு எந்த மருத்துவருக்கும் உறுதியாகத் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரே வழி, நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பல ஆண்டுகள் பார்ப்பதுதான். யார் எந்தக் குழு என்பதை மருத்துவரும் முடிவு செய்யக்கூடாது, நோயாளியும் முடிவு செய்யக்கூடாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட வேண்டும். இதற்கு எந்த மனிதர் சம்மதிப்பார்? இதே கேள்வியோடு அதற்கு முன் அங்கே தொடங்கிய ஓர் ஆய்வு, ஆள் கிடைக்காமலேயே மூடப்பட்டிருந்தது. புரொடெக்ட்டிலும் ஆரம்பத்தில் 10 பேரைக் கேட்டால் 4 பேர்தான் சரி என்றார்கள்.

டோனவனின் குழு அப்போது ஒரு காரியம் செய்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளிடம் பேசும் அறையில், அனுமதி வாங்கி, டேப் ரிக்கார்டரை வைத்தார்கள். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு உரையாடலையும் கேட்டார்கள். நோயாளிகளையும் தனியாகச் சந்தித்து, உங்களுக்கு என்ன புரிந்தது என்று விசாரித்தார்கள்.

டேப்பில் இருந்தது இதுதான். அறுவை, கதிர்வீச்சு இரண்டையும் முதலில் எடுத்து விலாவாரியாக விளக்குகிறார்கள். மூன்றாவது வழி கடைசியில், போகிற போக்கில் வருகிறது. அதற்கு ஆங்கிலத்தில் வைத்திருந்த பெயர், விழிப்போடு காத்திருப்பது என்ற பொருளில் அமைந்தது. நோயாளியின் காதில் அது 'நான் சாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள்' என்று விழுந்தது. 'இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் 10 ஆண்டு கழித்தும் உயிரோடு இருப்பார்கள்' என்று தைரியம் சொன்னால், 'அப்படியென்றால் 10 ஆண்டில் சிலர் போய்விடுவார்களா?' என்று பயந்தார்கள். ஆய்வைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே, 'சும்மா செய்து பார்ப்பது' என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. மூன்று வழிகளும் சமம்தான் என்று வாயால் சொன்ன மருத்துவர்கள் சிலரின் பேச்சிலேயே, தாங்கள் எதை விரும்புகிறார்கள் என்பது கசிந்தது.

பிறகு மாற்றினார்கள். மூன்றாவது வழிக்கு 'தீவிரக் கண்காணிப்பு' என்ற பொருள்தரும் பெயர் வந்தது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்போம், எப்போது சிகிச்சைக்கு மாறுவோம் என்பதை மற்ற இரண்டுக்கும் சமமாக விளக்கினார்கள். 'இந்த நோயோடு நீண்ட நாள் வாழ்பவர்களே அதிகம்' என்று வாக்கியத்தைத் திருப்பிப்போட்டார்கள். ஓராண்டுக்குள் சம்மதம் 40 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தது. கேட்கப்பட்டவர்கள் அதே மாதிரி மனிதர்கள், நோயும் அதே நோய். கேட்ட விதம் ஒன்றுதான் மாறியது.

முடிவில் 1,643 ஆண்கள் அந்தக் குலுக்கலுக்கு ஒத்துக்கொண்டார்கள். 15 ஆண்டுகள் கழித்து, 2023-ல் முடிவு வந்தபோது, மூன்று குழுக்களிலும் சேர்த்து அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர், அதாவது நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. எந்தக் குழுவில் இருந்தாலும் ஏறத்தாழ ஒரே நிலைதான். 'அவசரப்பட வேண்டாம், யோசித்து முடிவெடுங்கள்' என்று இன்று ஒரு மருத்துவர் நோயாளியிடம் ஆதாரத்தோடு சொல்ல முடிகிறதென்றால், இவர்கள் சம்மதித்ததால்தான்.

இதைத் தமிழில் யோசித்துப் பார்க்கிறேன். நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் சொல் 'சோதனை'. வீட்டில் கஷ்டம் வந்தால் 'என்ன சோதனை இது' என்கிறோம். ஆண்டவன் சோதிக்கிறான் என்கிறோம். ஆய்வுக்கூடத்தில் இருப்பது சோதனை எலி. புற்றுநோய் வந்ததே ஒரு சோதனை என்று உடைந்துபோய் உட்கார்ந்திருப்பவரிடம் போய், 'உங்களை ஒரு மருத்துவச் சோதனையில் சேர்த்துக்கொள்ளலாமா?' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? 'நம்மள வெச்சுப் பாக்கறாங்க' என்றுதான் வீட்டுக்குப் போய்ச் சொல்வார். அதனால்தான் இந்தக் கட்டுரை முழுக்க 'ஆய்வு' என்றே எழுதுகிறேன்.

சம்மதப் படிவங்களின் தமிழ் இன்னும் மோசம். குலுக்கிப் பிரிப்பதைச் 'சீரற்ற ஒதுக்கீடு' என்று மொழிபெயர்ப்பார்கள். சீரற்றது என்றால் நமக்கு ஒழுங்கில்லாதது, கெட்டுப்போனது. 'உங்களுக்குச் சீரற்ற முறையில் சிகிச்சை ஒதுக்கப்படும்' என்ற வரியைப் படித்துவிட்டு யார் கையெழுத்துப் போடுவார்கள்? 'சமவாய்ப்பு' என்றாலாவது விஷயம் பிடிபடும். இன்னொரு சொல் 'மருந்துப்போலி', அதாவது பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே மருந்து இல்லாத ஒன்று. படிப்பவர் கண்ணுக்கு அது போலி மருந்து. ஏற்கெனவே கள்ள மருந்துச் செய்திகளைப் படித்துப் பயந்திருக்கும் மனிதர் அவர். உண்மையில் புற்றுநோய் ஆய்வுகளில் வெறும் மருந்துப்போலியை மட்டும் கொடுத்து ஒருவரை விட்டுவிடுவது மிக அரிது. வழக்கமான சிகிச்சை ஒரு குழுவுக்கு, அதோடு புதிய மருந்தும் சேர்த்து இன்னொரு குழுவுக்கு என்பதுதான் பல ஆய்வுகளின் அமைப்பு. 'எனக்கு மருந்தே தராமல் விட்டுவிடுவார்களா?' என்ற பயத்தை முதல் 5 நிமிடத்தில் போக்கிவிடலாம். போக்குவதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

குலுக்கலை விளக்க நம்மிடமே நல்ல வழி இருக்கிறது. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சாமி முன் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். எப்போது இதைச் செய்கிறோம்? இரண்டில் எது நல்லது என்று நமக்கு உண்மையாகவே தெரியாதபோது மட்டும்தான். ஒன்று நல்லது என்று தெரிந்திருந்தால் பூ எதற்கு? ஆய்வுக்கும் இதே விதிதான். மருத்துவ உலகத்துக்குப் பதில் தெரிந்துவிட்டால் குலுக்குவது பாவம். ஒரே ஒரு வேறுபாடு: சாமிக்குத் தெரியும் என்று நம்பிப் பூப்போடுகிறோம். ஆய்வில், யாருக்கும் தெரியாததைத் தெரிந்துகொள்ளப் பூப்போடுகிறோம்.

சரி, மருத்துவரே பார்த்துப் பிரித்தால் என்ன? தெம்பாக இருப்பவரை அறுவைக்கு அனுப்புவார், தளர்ந்தவரை அனுப்பமாட்டார். பிறகு அறுவை செய்துகொண்டவர்கள் நன்றாக வாழ்ந்தால், அது கத்தியின் பலனா, அவர்கள் உடம்பின் தெம்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த மயக்கம் எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு 1990-களின் அமெரிக்கா ஒரு சாட்சி.

முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு அப்போது ஒரு புதிய சிகிச்சை வந்தது. உயிருக்கே ஆபத்தான அளவுக்குக் கீமோ மருந்தை ஏற்றுவது, அதனால் அழியும் எலும்பு மஜ்ஜைக்குப் பதிலாக, முன்பே எடுத்துவைத்த நோயாளியின் சொந்த அணுக்களைத் திரும்பச் செலுத்துவது. முதலில் செய்துபார்த்த சில நூறு பேரிடம் பலன் பிரமாதமாகத் தெரிந்தது. அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட, தெம்பான, இளம் நோயாளிகள் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தன. வழக்குகள் பாய்ந்தன. 1993-ல் கலிஃபோர்னியாவில் ஒரு ஜூரி, இறந்துபோன ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு 8.9 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. அதன்பிறகு நிறுவனங்கள் இறங்கிவந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் அந்தச் சிகிச்சை கிடைத்தது.

வெளியில் நிச்சயமாகக் கிடைப்பதை ஆய்வுக்குள் போய்ப் பாதி வாய்ப்பாக வாங்கிக்கொள்ள யார் வருவார்கள்? ஏறத்தாழ 40,000 பெண்கள் அந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டார்கள். முறையான ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான். பிலடெல்ஃபியாவை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வு பல ஆண்டுகள் ஆள் தேடி 553 பேரைச் சேர்த்து, அவர்களில் 199 பேரைக் குலுக்கிப் பிரித்தது. 2000-ல் முடிவு வெளியானது. மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், புதிய சிகிச்சையில் 32 சதவீதம், வழக்கமான கீமோவில் 38 சதவீதம். புள்ளிவிவரக் கணக்கில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. பெரிய பலன் கண்டதாக அறிவித்த தென்னாப்பிரிக்க மருத்துவரின் ஆய்வைத் தணிக்கை செய்தபோது, அது பொய்க்கணக்கு என்று தெரியவந்தது. ஆய்வுகளுக்கு வேகமாக ஆள் சேர்ந்திருந்தால் அந்தப் பதில் சில ஆண்டுகள் முன்பே வந்திருக்கும். எத்தனை பெண்கள் வாய்ப்புண்ணோடும் வாந்தியோடும் தனியறையில் கிடந்த கடைசி மாதங்கள் வீட்டில் கழிந்திருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால் வர மறுக்கிறார்கள்.' ஆய்வுக்கு ஆள் சேரவில்லை என்றதும் எல்லோரும் சொல்லும் காரணம் இது. நான் இதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் ஜோசப் அங்கர் என்பவரின் குழு, பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ஒரு கணக்குக் கொடுத்தது. நூறு புற்றுநோயாளிகளை எடுத்துக்கொண்டால், சுமார் 56 பேருக்கு அவர்கள் போகும் மருத்துவமனையில் பொருத்தமான ஆய்வே கிடையாது. ஏறத்தாழ 21 பேர் விதிகளுக்குள் வரமாட்டார்கள். வேறு நோய் இருக்கும், சிறுநீரகம் சரியில்லாமல் இருக்கும். 15 பேர் தகுதி இருந்தும் சேரவில்லை. இதில் மருத்துவர் கேட்காமலே விட்டவர்களும் அடக்கம். சேர்ந்தவர்கள் 8 பேர். அதே குழு அடுத்து இன்னொரு கணக்கும் போட்டது: நேரில் கேட்டால் எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள்? நூற்றுக்கு 55 பேர். கறுப்பின நோயாளிகள் ஆய்வு என்றாலே ஒதுங்குவார்கள் என்ற பேச்சு அங்கே வெகுநாளாக உண்டு. கேட்டபோது அவர்களும் வெள்ளையருக்குக் குறையாமல் சம்மதித்திருக்கிறார்கள். ஆக, குறை பெரும்பாலும் கேட்காதவர்கள் பக்கம்.

முதியவர்கள் கதையும் அப்படித்தான். புற்றுநோய் முதுமையில் வரும் நோய். அமெரிக்காவில் 1999-ல் வந்த ஒரு கணக்குப்படி, நோயாளிகளில் 63 சதவீதம் பேர் 65 வயதைக் கடந்தவர்கள். ஆய்வுகளில் அவர்கள் பங்கு 25 சதவீதம்.

இந்தியாவில் 2022-ல் மட்டும் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் 14 லட்சம் பேர் என்பது உலகளாவிய மதிப்பீடு. இத்தனை பேர் இருக்கும் நாட்டில் நல்ல கேள்வி கேட்டால் உலகத்துக்கே பதில் கிடைக்கும். கிடைத்தும் இருக்கிறது. ஆரம்பநிலை வாய்ப்புற்றுநோயில், கழுத்தில் நெறிக்கட்டி தட்டுப்படாதபோதும் கழுத்து நிணநீர்க் கணுக்களைச் சேர்த்தே எடுத்துவிட வேண்டுமா, கட்டி வந்தபின் எடுத்தால் போதுமா? மருத்துவர்கள் அரை நூற்றாண்டாக வாதாடிய விஷயம் இது. மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையில் அனில் டிக்ரூஸ் தலைமையிலான குழு 2004 முதல் 596 பேரைச் சேர்த்தது. முதல் 500 பேரின் கணக்கை 2015-ல் வெளியிட்டார்கள். சேர்த்தே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்து எடுத்தவர்களில் 67.5 சதவீதம். எட்டு பேருக்கு அறுவை செய்தால் ஓர் உயிர் கூடுதலாகத் தப்புகிறது. புகையிலை மென்று வாய் புண்ணாகி வந்த எளிய மனிதர்கள் சம்மதித்ததால் தீர்ந்த வாதம் அது.

ஆனால் நம் நாட்டில் சம்மதம் என்ற சொல்லுக்குக் கறையும் பட்டிருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்க்கும் திட்டம் நடந்தது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். இறப்புக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றுதான் விசாரணை சொன்னது. ஆனால் விசாரித்தபோது இன்னொன்று வெளியே வந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்காகச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் விடுதி வார்டன். பெற்றோருக்குத் தெரியவே தெரியாது. 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதுதான். அந்தக் கையெழுத்து செய்த கெடுதல், அந்த நல்ல தடுப்பூசியையும் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது.

நம் திண்டுக்கல் மாவட்டத்திலும், கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்பே கண்டறிவது பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்துவ மருத்துவமனையும், பிரான்ஸில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் சேர்ந்து 2000-ல் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை (வினிகரில் இருப்பது) கருப்பைவாயில் தடவி, கோளாறு உள்ள இடம் வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். பரிசோதனை வழங்கப்பட்ட பகுதிகளில் தகுதியான 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். கிராமத்தில் 30 வயதைக் கடந்த ஒரு பெண், வயல் வேலையை விட்டுவிட்டு இப்படி ஒரு பரிசோதனைக்கு வந்து படுக்கிறாள் என்றால், வீடு வீடாகப் போய் எத்தனை முறை பேசியிருக்க வேண்டும்! 2007-ல் முடிவு வந்தது: அந்தப் பகுதிகளில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைவு. ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட மற்ற பகுதிகளின் பெண்களுக்கு அந்தப் பரிசோதனை தரப்படவில்லை, வழக்கமான மருத்துவ வசதி மட்டும்தான். நோயை முன்பே கண்டறிவது நல்லது என்று உலகம் அறிந்த காலத்தில் அப்படிப் பிரித்தது சரியா என்று பிற்பாடு கேள்வி எழுந்தது. அவர்களுக்கு வேறெங்கும் பரிசோதனை கிடைக்காத நிலைதானே இருந்தது என்பது ஆய்வாளர்கள் தரப்பு. எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. இருந்தாலும், ஒப்பீட்டுக் குழுவில் இருந்த ஒரு பெண்ணிடம் யாராவது உட்கார்ந்து முழுசாகச் சொன்னார்களா என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

இன்றைக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலையான சாட்சி வேண்டும். எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்களைப் புத்தம்புது மருந்துக்கான ஆய்வில் சேர்த்தால், விளக்குவதையும் அவர் புரிந்துகொண்டதையும் வீடியோ எடுக்க வேண்டும். ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவம், இழப்பீடு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. பஸ் செலவையும் போன கூலியையும் ஈடுகட்டலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ராத்திரி பஸ் ஏறிச் சென்னைக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு, இவற்றில் கடைசியில் சொன்னதுதான் முதலில் தெரிய வேண்டியது.

ஆனால் எந்தச் சட்டமும் தீர்க்காத ஒரு சிக்கல் நம் வீடுகளில் இருக்கிறது. நோயாளிக்கு என்ன நோய் என்று நாம் சொல்வதே இல்லை.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. பெரியப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. பயாப்ஸி முடிவு வந்த அன்றே அண்ணன் சொல்லிவிட்டார்: 'அப்பாகிட்ட புண்ணுன்னு சொல்லுவோம். கரண்ட் வெச்சா ஆறிடும்னு சொல்லுவோம்.' கரண்ட் என்று எங்கள் வீட்டில் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை. ஒரு நாள் மருத்துவமனையில், கையில் ஃபைலோடு ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வந்தார். சின்னப் பெண். 'ஐயா, உங்ககிட்ட ஒரு ஆய்வைப் பத்திப் பேசணும்' என்று ஆரம்பித்ததுமே அண்ணன் அவரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

'அவருக்குத் தெரியாதும்மா. எங்க சொல்லணுமோ சொல்லுங்க, நானே கையெழுத்துப் போடறேன்.'

'நீங்க போட முடியாதுங்கண்ணா. ஐயாவுக்குத் தெரிஞ்சு, ஐயாதான் போடணும். அவசரமில்ல, வீட்ல பேசிட்டு வாங்க.'

ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் அண்ணன் தொண்டை அடைக்க விஷயத்தைச் சொன்னபோது, பெரியப்பா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். 'கரண்ட் வெக்கிற ரூம் வாசல்ல போர்டு தமிழ்லதானப்பா எழுதியிருக்கு.' முதல் நாளே படித்திருக்கிறார். நாங்கள் மறைக்கிறோம் என்பதற்காக அவரும் மறைத்திருக்கிறார்.

அடுத்த முறை அந்தப் பெண் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார். பெரியப்பா கேட்டது இரண்டே கேள்வி. 'நடுவுல வேணாம்னு சொன்னா டாக்டர் கோவிச்சுக்குவாரா?' 'மாட்டார் ஐயா. உங்களுக்கு வழக்கமா குடுக்கிற வைத்தியம் அப்படியே நடக்கும்.' அடுத்தது, 'இதனால எனக்குக் குணமாகுமா?' இந்த இடத்தில் பொய் சொல்வது மிக எளிது. ஆய்வு என்பதே தனக்கென்று தேர்ந்தெடுத்த சிறந்த வைத்தியம் என்று நோயாளி தானாகவே நம்பிக்கொள்வது உலகம் முழுக்க நடக்கிறது. எதிரில் இருப்பவர் தலையாட்டினால் போதும். அந்தப் பெண் தலையாட்டவில்லை. 'தெரியாது ஐயா. தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆய்வே. உங்களுக்கு உதவலாம், உதவாமலும் போகலாம்' என்றார். பெரியப்பா சரி என்றார். பேனாவை வாங்கி, பழைய பத்திரத்தில் போடுவது மாதிரி முழுப்பெயரையும் எழுதினார்.

ஆனால் சேர முடியவில்லை. ரத்தத்தில் கிரியேட்டினின் கூடுதலாக இருந்தது. சிறுநீரகம் அந்த மருந்தைத் தாங்காது. சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது. கொஞ்ச நேரம் கழித்து, 'அப்போ என் பேரை அடிச்சிருவீங்களா?' என்று கேட்டார்.

'இல்லைங்கய்யா. சேர முடியாதவங்க கணக்கும் நாங்க எழுதி வெக்கணும். எதனாலன்னும் எழுதணும்.' அந்தப் பெண் ஃபைலைத் திறந்து அந்த வரியைக் காட்டினார். பெரியப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தார்.